இல்லாத ஆலயமும் சுழலும் திரையும்

பிரான்ஸ் தேசத்தின் பர்கண்டிப் பிரதேசத்திலுள்ள க்ளூனி என்னும் சிற்றூருக்கு, 1088-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, ஏறக்குறைய 187 மீட்டர் நீளத்துக்கு வளர்ந்து, ரோமாபுரியில் புனித பேதுருவின் புதிய ஆலயம் எழும்பும் வரையில் கிறிஸ்தவ உலகிலேயே நிகரற்றது என்று கீர்த்தி பெற்றிருந்த மடாலயக் கோயிலைத் தரிசிக்கச் செல்லும் யாத்திரிகன், அங்கே பெரும்பாலும் காண்பது ஆகாயத்தைத்தான். புரட்சிக்குப் பின் 1798-இல் அதை விலைக்கு வாங்கியவர்கள் பக்தியினால் வாங்கவில்லை, கல்லுக்காக வாங்கினார்கள். கால் நூற்றாண்டுக் காலம் இடித்து விற்றபின் மிஞ்சியது பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது.

அந்த வெட்டவெளியில் இப்பொழுது, கம்பத்தின்மேல் சுழலும் திரைகளை நிறுத்தியிருக்கிறார்கள். திரையைப் பிடித்து எத்திசையில் திருப்பினாலும், அத்திசையில் முற்காலத்தில் நின்ற தூண்களும் வளைவுகளும் அதில் எழுந்து நிற்கின்றன. ‘ஆக்மென்டட் ரியாலிட்டி’ என்று வழங்கப்படும் வித்தையின் மிக எளிய ரூபம் இது. திரையின் ஸ்தானம் மாறாததால், திரும்பிய கோணத்தை மாத்திரம் அளந்தால் போதும். கைப்பேசியில் இதையே செய்வது கடினம். அதன் காமிரா எதிரிலுள்ள காட்சியின் மூலைமுடுக்குகளை அடையாளம் கண்டு, உள்ளிருக்கும் அசைவுமானிகள் தரும் கணக்கோடு நொடிக்குப் பல தடவை ஒத்துப் பார்த்தாக வேண்டும். சிறிது பிசகினாலும் கோபுரம் பூமியை விட்டு மிதந்துவிடும். 1968-இல் ஐவன் சதர்லண்ட் செய்த ஆதிக்கருவியோ தலையின் அசைவை அறியக் கூரையிலிருந்து ஓர் இயந்திரக் கரத்தைத் தொங்கவிட வேண்டியிருந்தது. அவ்வளவு பாடுபட்டும் அது காட்டியது வெறும் கோட்டுருவங்களைத்தான்.

எனினும், திரையில் தோன்றும் அந்தச் சுவர்கள் எங்கிருந்து வந்தன என்பதே எனக்கு அதிக சுவாரஸ்யமான விஷயம். ஹார்வர்டைச் சேர்ந்த கென்னத் கானன்ட் 1928 முதல் சுமார் இருபது ஆண்டுகள் அங்கே அகழ்ந்து அஸ்திவாரங்களைத் தேடினார். இடிபடுமுன் வரையப்பட்ட சித்திரங்கள் சில உள்ளன. கர்ப்பக்கிருகத்தைச் சூழ்ந்திருந்த தூண்களின் சிற்பப் போதிகைகள், துறவிகள் தானியம் சேமித்த பழைய களஞ்சியத்தில் காட்சிக்கு இருக்கின்றன. அந்த மடாலயக் கட்டடங்களிலேயே இயங்கும் பொறியியல் கல்லூரியினர் 1990-களில் இவற்றைக் கொண்டு கம்ப்யூட்டரில் கோயிலைக் கட்டத் தொடங்கினர். ஆகவே அஸ்திவாரத்தின் அகலம் பிரத்தியட்சம். சுவரின் வர்ணமும் மேல்தளத்தில் விழுந்த ஒளியும் பெருமளவுக்கு அனுமானம். திரையிலோ இரண்டும் ஒரே மெருகோடு ஜொலிக்கின்றன. காகிதத்தில் வரைகிற பண்டிதன் சந்தேகமான இடத்தைப் புள்ளிக்கோட்டால் குறித்துவிட்டு நிம்மதியாகப் போகலாம். திரைக்கு அந்தக் கூச்சம் கிடையாது.

இந்தக் குறையை அறிஞர்கள் உணராமல் இல்லை. கம்ப்யூட்டரில் புராதனங்களை மீட்டெழுப்புவோர், எது சான்று, எது ஊகம் என்பதை வெளிப்படுத்தக் கடமைப்பட்டவர்கள் என்று 2006-இல் உருவான லண்டன் சாசனம் விதிக்கிறது. ஆயினும், சாசனத்துக்கு இணங்க எழுதப்படும் குறிப்புகள் ஆவணக் கோப்பில் கிடக்குமேயன்றி, வெயிலில் நின்று திரையைத் திருப்புகிறவனுக்கு எட்டுவது அபூர்வம். ஓவியக் கலையில் இதற்கு உபாயம் முன்னரே உண்டு. ரோமிலுள்ள மத்திய செப்பனிடு நிலையத்தில் செஸரே பிராண்டியின் காலத்தில் வகுக்கப்பட்ட முறைப்படி, சிதைந்த ஓவியத்தின் வெற்றிடங்களை மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நிரப்புவார்கள். எட்ட நின்றால் சித்திரம் பூரணமாகத் தெரியும், கிட்டே வந்தால் புதுக் கை எங்கே தொட்டது என்று விளங்கிவிடும். க்ளூனியின் திரையிலும், விரலால் தொட்ட மாத்திரத்தில் ஊகப்பகுதிகள் மட்டும் இத்தகைய கோடுகளாக மாறும்படி செய்வது, 187 மீட்டர்க் கோயிலையே எழுப்பிவிட்டவர்களுக்கு அப்படியொன்றும் பெரிய காரியமாக இராது.