திருத்தணிப் படிக்கட்டும் காஷ்மீர் ஹமாமும்: விறகுச் சூடு வீடு முழுக்கப் பரவுவது எப்படி?

இன்னிக்கு டாபிக்கைச் சொன்னதும் கே.ஜி.கண்டிகையில இருக்கிற எங்க சித்தப்பா சிரிச்சுட்டார். "திருத்தணிப் பக்கம் இருந்துக்கிட்டு வீட்டைச் சூடாக்கறதைப் பத்திப் பேசப் போறியாடா?" நியாயம்தான். மே மாசம் 40 டிகிரியைத் தாண்டுற ஊர்கள்ல திருத்தணி பேர் அடிக்கடி வரும்.

ஆனா விடையும் அங்கேயே இருக்கு. முருகன் கோயில் மலையில 365 படி. பொழுது சாஞ்ச பிறகு வெறுங்காலோட ஏறிப் பாருங்க. காத்து குளுந்திருக்கும், கல்லு இன்னும் சுடும். கல் சூட்டைச் சேமிச்சு, மெதுவாத்தான் விடும்.

இப்போ ஊட்டிக்கு வாங்க. பழைய பங்களாவுல சுவத்தோரம் கணப்பு. முன்னாடி உட்கார்ந்தா முகம் எரியும், முதுகு நடுங்கும். பக்கத்து ரூம்ல மூணு கம்பளி. ஏன்? சூட்டுல பெரும்பகுதி புகைபோக்கி வழியாப் போயிடுது. மிச்சம் காத்துல ஏறி மேல் கூரைக்குப் போகுது. 12க்கு 12 ரூம்ல இருக்கிற காத்தோட எடையே சுமார் 50 கிலோதான். அது எவ்வளவு சூட்டைத் தாங்கும்?

காஷ்மீர்க்காரங்க இதுக்குக் கண்டுபிடிச்ச வழி ஹமாம். தரை முழுக்கக் கல் பலகை. அதுக்குக் கீழே வெற்றிடம். விறகை வெளியில இருந்து போடுவாங்க. அனலும் புகையும் தரைக்கு அடியில சுத்தி, கடைசியில புகைபோக்கியில வெளியேறும். நடுவுல செம்பு அண்டாவுல வெந்நீரும் தயார். தீ அணைஞ்ச பிறகும் தரை பல மணி நேரம் கதகதன்னு இருக்கும். கொரியாவின் ஒண்டோல், ரோமானியர்களின் ஹைப்போகாஸ்ட் இரண்டும் இதே தத்துவம்தான்.

கணக்கும் சுலபம். ஒரு கிலோ காய்ஞ்ச விறகில் சுமார் 4 யூனிட் கரன்ட்டுக்குச் சமமான வெப்பம். ஒரு டன் கல் 10 டிகிரி ஆறும்போது 2 யூனிட்டுக்கு மேல் திருப்பித் தரும். ஆனா விறகு காய்ஞ்சிருக்கணும். பச்சை விறகுல ஏறக்குறைய பாதி எடை தண்ணி. அதை ஆவியாக்கவே தீயில ஒரு பங்கு வீணாகும், புகையும் அதிகம்.

ஹமாம்ல கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு: நெருப்பு வெளியே, சூடு மட்டும் உள்ளே. இதைத்தான் ட்ரிப் போற நாம மறந்துடறோம். கொடைக்கானல்ல பார்பிக்யூ முடிச்சு, "குளிருதே மச்சான்"னு கரி அடுப்பை ரூமுக்குள்ளயோ டென்ட்டுக்குள்ளயோ எடுத்துட்டுப் போய்க் கதவைச் சாத்தாதீங்க. தணல்ல இருந்து கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்துல ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தை அது பிடிச்சுக்கும். தலைவலி, மயக்கம், அப்புறம் தூக்கம். பலர் அதுல இருந்து எழுந்திருக்கவே இல்லை. சாம்பல் மூடின கரியும் இதையேதான் செய்யும்.

தலை வலிச்சா உடனே எல்லாரையும் வெளியே கூட்டிட்டு வாங்க. 108க்குப் போன் பண்ணுங்க.

குளிருக்கு வெந்நீர்ப் பையும் இன்னொரு கம்பளியும் போதும். அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.