சேலத்துல அதிகாலை 2 மணி!

லீவு நாள்ல 9 மணிக்கு முன்னாடி எழுப்பினா, வீட்டையே ரெண்டாக்குற பார்ட்டியா நீங்க? அப்ப ஈஸ்டர் அன்னிக்கு மட்டும் சேலத்துல ரூம் போட்டுடாதீங்க பாஸ்! ராத்திரி 2 மணி வாக்கிலேயே தெருத்தெருவா டிரம்பெட், டிராம்போன் சகிதம் பேண்டு கோஷ்டி கிளம்பிடும். ஊரை எழுப்புறதுதான் அவங்க டியூட்டி!

மாம்பழ சேலத்துக்கு டிக்கெட் பார்க்காதீங்க. இது அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துச் சேலம். மொரேவியன் திருச்சபைக்காரர்கள் 1766-ல் உருவாக்கிய ஊர். 1913-ல் பக்கத்து ஊரோடு இணைந்து வின்ஸ்டன்-சேலம் ஆகிவிட்டது. அங்கே 1772-ல் தொடங்கியது திறந்தவெளி ஈஸ்டர் சூரியோதய ஆராதனை.

ஆரம்பிச்சதே யூத்துதான்!

ஆனால், ஐடியா அதைவிடப் பழசு. 1732-ல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் ஊரில், கல்யாணமாகாத இளைஞர்கள் சிலர் ஈஸ்டர் அன்று விடியும் முன்பே குன்றில் இருந்த கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாடினார்கள். போயும் போயும் கல்லறையிலா? காரணம் இருக்கு. பெண்கள் அதிகாலையில் இயேசுவின் கல்லறைக்குப் போனபோது அது காலியாக இருந்தது என்கிறது பைபிள். அதே நேரம், அதே மாதிரி இடம்! அடுத்த வருஷம் ஊரே சேர்ந்துகொண்டது.

சேலத்தில் ஆராதனை சர்ச் வாசலில், இருட்டில் தொடங்கும். பாதியில் கூட்டம் மொத்தமும் பேச்சு மூச்சில்லாமல் கல்லறைத் தோட்டத்துக்கு நடக்கும். ஒரு மூலையில் ஒரு பேண்டு ஒரு வரி வாசிக்க, தூரத்து மூலையிலிருந்து இன்னொரு பேண்டு பதில் கொடுக்கும். ஸ்கூல் பசங்களும் தாத்தாக்களும் ஒரே பேண்டில்! சூரியன் எட்டிப் பார்க்கும்போது எல்லோரும் கல்லறைகளுக்கு நடுவே நிற்பார்கள்.

பக்கெட்டும் பூவும்

ஃபேமிலி மேட்டர் முந்தின நாளே ஆரம்பம். சனிக்கிழமை குடும்பம் குடும்பமாக பக்கெட், பிரஷ்ஷோடு வந்து கல்லறைக் கற்களைத் தேய்த்துக் கழுவிப் பூ வைப்பார்கள். இங்கே ஒரு ட்விஸ்ட்... தாத்தாவும் பாட்டியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க மாட்டார்கள்! ஆண்கள், பெண்கள், கல்யாணமானவர்கள், ஆகாதவர்கள், குழந்தைகள் என்று தனித்தனிப் பகுதி. ஆக, ஒரு குடும்பத்துப் பொடிசுங்க நாலு இடத்துக்குத் தண்ணி தூக்கணும். அப்படியே நாலு பேர் கதையும் காதில் விழும்.

எல்லாம் தரையோடு தரையாகப் படுத்த வெள்ளைக் கற்கள். பணக்காரருக்குப் பெரிய மண்டபம் கிடையாது. சாவில் எல்லோரும் சமம் என்பதுதான் கான்செப்ட்.

சமம்னா... எல்லாருக்குமா?

இங்கேதான் உறுத்துது. ஆரம்பத்தில் கறுப்பினத்தவரையும் இதே தோட்டத்தில்தான் புதைத்தார்கள். 1816-ல் அவர்களுக்குத் தனி இடுகாடு ஒதுக்கிவிட்டார்கள். 1822-ல் சபையும் தனி. அடிமை முறையில் தங்களுக்கு இருந்த பங்குக்காக, அந்தப் பகுதி மொரேவியன் சபை மன்னிப்புக் கேட்டது 2006-ல்!

'அமெரிக்காக்காரன் இப்படித்தான்'னு நாம சிரிச்சிட முடியாது. நம்ம ஊர்க் கல்லறைத் தோட்டங்களிலும் சாதிக்கொரு மூலை இருக்கே! இத்தனைக்கும் மொரேவியன்கள் நமக்குப் புதுசில்லை. 1760-லேயே தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர்கள். நிகோபார் தீவுகளுக்குப் போவதுதான் திட்டம். அங்கே போய்க் காய்ச்சலில் பலர் இறந்துபோக, கடைசியில் மூட்டை கட்டிவிட்டார்கள்.

நம்ம ஊர் சர்ச்சுகளிலும் ஈஸ்டர் அன்று விடியும் முன்பே ஆராதனை உண்டு. அடுத்த தடவை அம்மா எழுப்பினாலோ, ஃப்ரெண்டு கூப்பிட்டாலோ போர்வையை உதறிட்டுக் கிளம்புங்க. பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர் என்பதால், கிழக்கே வெளுக்கும்போது தேய்பிறை நிலாவும் வானத்தில் இருக்கும். அப்படியே கல்லறைத் தோட்டம் பக்கமும் ஒரு ரவுண்டு போய், யாரை எங்கே புதைச்சிருக்காங்கன்னு பாருங்க. 'ஏன் இவங்க மட்டும் தனியா?'ன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட கேளுங்க. அந்தக் கேள்வியை யூத் கேட்காம வேற யாரு கேட்கிறது?