ஏரிக்குப் பறவை வந்தால் வயலுக்கு லாபம்

மார்கழி, தை மாதங்களில் மாலை மூன்று மணிக்கு மேல் வேளச்சேரியிலிருந்து தாம்பரம் செல்லும் பஸ்ஸில் ஏறுகிறவர்கள், பள்ளிக்கரணை வந்ததும் ஜன்னல் பக்கம் பார்ப்பது நல்லது. கோரையும் சம்பும் மண்டிய சதுப்பு நிலத்தில் கூழைக்கடாக்கள் மிதந்து கொண்டிருக்கும். ஊசிவால் வாத்துகள் தலையைத் தண்ணீருக்குள் விட்டு, வாலை நிமிர்த்தி இரை தேடும். இந்த வாத்துகள் இமயமலைக்கு அப்பாலிருந்து வருபவை. அங்கே பனிக்காலத்தில் நீர்நிலைகள் உறைந்து விடுவதால், இரை தேடித் தெற்கே பறந்து வருகின்றன.

தாம்பரம் சுற்றுப்புறத்தில் சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், சிட்லபாக்கம் என்று ஊருக்கு ஊர் ஏரி உண்டு. எல்லாம் நஞ்சைப் பாசனத்துக்காக வெட்டியவை. ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும். கடைசியில் பள்ளிக்கரணையில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகக் கோவளம் கழிமுகத்தை அடையும். இன்று அந்த ஆயக்கட்டுகளில் நெல் இல்லை, வீடுகள் நிற்கின்றன. சதுப்பு நிலத்திலும் பெரும் பகுதி குப்பை மேடாகவும் கட்டடங்களாகவும் போய்விட்டது. 2007-ல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் ராம்சார் பட்டியலிலும் இடம் கிடைத்தது. மிச்சம் இருப்பது அந்த அளவுக்காவது தப்பியது.

வாத்தைப் பார்த்துச் சிறு விவசாயிக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் செங்கற்பட்டைத் தாண்டி வேடந்தாங்கலில் இருக்கிறது.

வேடந்தாங்கல் ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். தண்ணீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், வக்கா எல்லாம் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் ஏரியில் விழுகிறது. தழைச்சத்து கரைந்த அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் பாய்கிறது. காசு கொடுக்காமல் கிடைக்கும் உரம் இது. இதை அவ்வூர் விவசாயிகள் வெகு காலத்துக்கு முன்பே அறிந்திருந்தார்கள். பறவைகளைச் சிப்பாய்கள் சுட்டபோது, அவர்கள் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798-ல் கலெக்டர் பிளேஸ், பறவைகளைக் காக்கும் அவர்களின் உரிமையை ஏற்றுக் கொண்டார். சரணாலயம், சட்டம் என்ற பேச்செல்லாம் பிறகு வந்தது. முதலில் காவல் இருந்தவர்கள் ஆயக்கட்டுதாரர்கள்.

ஏரிப் பறவையைத் தவிர, வயலுக்கே வந்து வேலை செய்யும் பறவைகளும் உண்டு. ஏர் அல்லது டிராக்டர் ஓடும்போது பின்னாலேயே நடக்கும் உண்ணிக்கொக்கு, பெயருக்குத்தான் உண்ணி தின்பது. அதன் முக்கிய உணவு மண்ணிலிருந்து கிளம்பும் வெட்டுக்கிளியும் புழுவும்தான். கரிச்சான் குருவி பறக்கும் அந்துப்பூச்சியைப் பிடிக்கும். நத்தைகுத்தி நாரையின் இரண்டு அலகுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருப்பதைக் கவனிக்கலாம். நத்தையைப் பிடித்து உடலை வெளியே இழுப்பதற்கு ஏற்ற அமைப்பு அது.

எல்லாப் பறவையும் நண்பன் என்று சொல்ல முடியாது. நீலத் தாழைக்கோழி ஏரியோர வயலில் இறங்கி நெல் தூர்களைப் பிடுங்கும். கதிர் முற்றும்போது சில்லைக் குருவியும் கிளியும் வரும். அவற்றை விரட்டத்தான் வேண்டும். ஆனால் விரட்டுவது வேறு, விஷம் வைப்பது வேறு. குருணை மருந்து கலந்த தானியத்தைக் கரையில் தூவிப் பறவை பிடிப்பவர்கள் சில ஊர்களில் இருக்கிறார்கள். 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி இது குற்றம். அந்த இறைச்சியைத் தின்பவருக்கும் ஆபத்து. எலி தின்ன வரும் பறவையும் சேர்ந்து செத்தால், நஷ்டம் வயல்காரருக்குத்தான்.

இருட்டிய பிறகு வேலைக்கு வருவது கூகை. அபசகுனம் என்று கல்லெறிவோர் இன்றும் உண்டு. அதன் முக்கிய உணவே எலிதான். வரப்பில் எலி வளை தோண்டி அலுத்துப் போனவர்கள், கூகை கத்தும் சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக் கொள்ளலாம்.

பறவைகள் உட்கார இடம் செய்து கொடுப்பதற்குச் செலவு அதிகமில்லை. சவுக்கு அல்லது மூங்கில் குச்சியின் உச்சியில் குறுக்குக் கட்டை ஒன்றைக் கட்டி, பயிர் மட்டத்துக்கு மேலே தெரியுமாறு ஊன்றினால் போதும். பயறு வகைகளில் காய்ப்புழுவுக்கு ஹெக்டேருக்கு 50, அதாவது ஏக்கருக்கு 20 குச்சிகள் சிபாரிசு செய்யப்படுகின்றன. பகலில் கரிச்சானும் மைனாவும், இரவில் கூகையும் அதில் உட்காரும். நெல்லில் நடவு முடிந்து பயிர் வேர் பிடித்ததும் ஊன்றலாம். கதிர் பால் பிடிக்கத் தொடங்கியதும் மறக்காமல் பிடுங்கி விட வேண்டும். இல்லாவிட்டால் அதே குச்சியில் உட்கார்ந்து கதிரைத் தின்னக் குருவிக் கூட்டம் வந்துவிடும்.