புல்வழி – 9: மான் விதைக்கும் முள்

ஒரகடத்தில் மாடு மேய்ப்பவர்களோடு நடந்ததைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். மேய்க்கால் போனபின், சிப்காட் தொழிற்பேட்டையின் வேலிக்கு வெளியே அவர்களுக்கு மிஞ்சியது சாலையோரப் புல்லும், இன்னும் கட்டடம் எழும்பாத மனைகளும்தான். சட்டப் பாதுகாப்பு இருந்திருந்தால் அந்த மேய்க்கால் பிழைத்திருக்குமோ? அந்தக் கேள்வியோடுதான் கோடியக்கரைக்குப் போனேன்.

1967லேயே சரணாலயமான இடம் இது. 2002இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. வனச்சரக அலுவலகத்தில் அனுமதி வாங்கி, வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் முன்னே நடக்க, நாங்கள் பின்னால் போனோம். கணுக்கால் உயரப் புல், காலடியில் மணல், முகத்தில் உப்புக்காற்று. தூரத்தில் முறுக்குக் கொம்போடு ஒரு கருத்த ஆண் வெளிமான்; சற்றுத் தள்ளி அதன் பெண்மான்கள். வெளிமானுக்குக் கண்ணும் காலும்தான் காவல். நாயோ நரியோ வருவது தொலைவிலேயே தெரிய வேண்டும், ஓடத் திறந்த வெளி வேண்டும். புதர் மண்டினால் இரண்டும் போயிற்று.

மண்டியிருக்கிறது. எங்கே திரும்பினாலும் சீமைக் கருவேலம். காவலர் குனிந்து, காய்ந்த குதிரை லத்தி ஒன்றைக் குச்சியால் உடைத்துக் காட்டினார். நாருக்கு நடுவே பழுப்பு நிற விதைகள், செரிக்காமல் அப்படியே. "நெத்து இனிப்பா இருக்கும் சார். குதிரை, மாடு, மான் எல்லாம் திங்கும். போற இடமெல்லாம் விதைச்சுட்டுப் போகும்." இங்குள்ள குதிரைகள், வளர்த்தவர்கள் கைவிட்டவற்றின் சந்ததி. மானோடு புல்லுக்குப் போட்டி போடுவது போதாதென்று இந்த விதைப்பும். மானும் தன் புல்லைத் தின்னும் மரத்தைத் தானே விதைக்கிறது. வேலியும் அறிவிப்புப் பலகையும் இதை எப்படித் தடுக்கும்?

2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் காட்டைப் புரட்டிப் போட்டது; செத்த மான்கள் காரைக்கால் கரைவரை ஒதுங்கின. புயலாவது வந்த வேகத்தில் போய்விடும். சீமைக் கருவேலம் போகாது.

இந்தக் கடலோரப் புல்லை நம்பியது மான் மட்டுமல்ல, மாடும்தான். தலைஞாயிறு பக்கம் உம்பளச்சேரி என்று ஓர் ஊர். அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய மாடு இந்தக் கடலோர உப்பருகு மேய்ந்து வளர்ந்த இனம். கன்று சிவப்பாகப் பிறந்து சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறும்; நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருக்கும். காளைக்குக் கொம்பைத் தீய்த்துவிடுவதால் மொட்டை மாடு என்றும் சொல்வார்கள். நஞ்சைச் சேற்றில் உழ இதற்கு ஈடு கிடையாது. ஆனால் சரணாலயங்களுக்குள் எந்த மாட்டையும் மேய்க்கக் கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் 2022இல் உத்தரவிட்டது. மானுக்கு நோய் தொற்றும், புல் பங்கு போகும் என்ற கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் தலைமுறை தலைமுறையாகப் புல்லைப் பார்த்துப் பழகிய கண்களையும் அதோடு சேர்த்து வெளியே அனுப்புகிறோம் என்பதுதான் என் குறை.

சீமைக் கருவேலத்தை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். வேரோடு பிடுங்க வேண்டும். பிடுங்கிய இடத்தில் மழைக்குப் பின் முளைப்பதை வருஷா வருஷம் கையால் பறிக்க வேண்டும். இதற்கு இயந்திரம் போதாது, நிலம் தெரிந்த ஆள் வேண்டும். மாடு மேய்த்தவர்களையே கூலி கொடுத்துக் கூப்பிடலாமே என்று காவலரிடம் கேட்டேன்.

"கூப்பிடலாம் சார். மாட்டையும் ஓட்டிக்கிட்டுல்ல வருவாங்க!" என்றார்.