யானை முட்டிய பாதையும் முகம் முளைத்த எஞ்சின்களும்

1894 செப்டம்பர் 17. மலாயாவில் தாப்பா ரோட்டிலிருந்து தெலுக் ஆன்சனுக்கு ரயில் ஓடத் தொடங்கி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. காட்டு வழியே புகை கக்கிக்கொண்டு வந்த ரயிலை ஒரு யானை பாய்ந்து வந்து முட்டியது. ரயில் தடம் புரண்டது, யானையும் செத்தது. அதை அங்கேயே புதைத்து, தன் கூட்டத்தைக் காக்க ரயிலை எதிர்த்த யானை என்று எழுதி ஒரு பலகையும் நட்டார்கள். நம் பாஷையில் சொன்னால் அது நடுகல்தான். ரயிலைக் கவிழ்க்கப் பார்த்தவனுக்கு ரயில் பாதை ஓரத்திலேயே நடுகல்!

அந்த தெலுக் ஆன்சன்தான் 1982 முதல் தெலுக் இந்தான். ஹுத்தான் மெலிந்தாங்காரர்களுக்குப் பக்கத்து டவுன். கிந்தா வட்டாரத்து ஈயத்தைக் கப்பலேற்றப் போட்ட அந்த ரயில் பாதை இன்று இல்லை.

இந்தச் செய்தி வில்பர்ட் ஆட்ரியின் காதில் விழுந்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டார். ‘தாமஸ்’ ரயில் எஞ்சினைப் படைத்த இங்கிலாந்துப் பாதிரியார் அவர். 1942-இல் மகன் கிறிஸ்டஃபர் தட்டம்மையில் படுத்திருந்தபோது பொழுது போகச் சொன்ன கதைகள், 1945-இல் முதல் புத்தகமாயின. 1950-இல் வந்த ஐந்தாவது புத்தகத்தில் அவரிடமும் ஒரு யானை உண்டு. சர்க்கஸிலிருந்து தப்பி வந்து சுரங்கத்துக்குள் புகுந்துகொண்ட அந்த யானையை ஹென்றி என்ற எஞ்சின் நெட்டித் தள்ளப் பார்க்க, எதிர்த்துத் தள்ளிக்கொண்டு வெளியே வந்த யானை ஹென்றியின் மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும். சிரிக்க வைக்கும் யானைதான். ஆனால் நம்ம ஊர் யானைக்கு முன் அது நிற்குமா?

எஞ்சினுக்குக் கண்ணும் வாயும் வைத்தாரே தவிர, நடப்பது மட்டும் உண்மையான ரயில் பாதையில் நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதில் ஆட்ரி கறாராக இருந்தார். வேல்ஸில் தலிலின் என்ற சிறுபாதையை ஆர்வலர்களே கூடி 1951-இல் காப்பாற்றி ஓட்டத் தொடங்கினார்கள். அடுத்த வருஷம் ஆட்ரி அங்கே தொண்டராகப் போய் கார்டு வேலை பார்த்தார். ஒரு நாள் அவர் விசில் ஊதிக் கொடியைக் காட்டிவிட்டார், வண்டியும் கிளம்பிவிட்டது. ஸ்டேஷனில் தேநீர் விற்கும் பெண்மணி இன்னும் ஏறவில்லை! 1955-இல் அது கதையானது. குட்டு வாங்கியது என்னவோ பீட்டர் சாம் என்ற எஞ்சின்.

ரசிகர்களின் பைத்தியம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பீட்டர் சாம் யார் என்று கேட்டால் ‘தலிலின் பாதையின் நாலாம் நம்பர், எட்வர்ட் தாமஸ்’ என்பார்கள். தாமஸ் எந்த ரக எஞ்சின் என்று கேட்டால், ஓவியர் ரெஜினால்ட் பெய்ன் வரைந்தது ஈ2 ரகம், 1913-லிருந்து 1916 வரை மொத்தம் பத்தே பத்துதான் செய்தார்கள், அறுபதுகளின் தொடக்கத்துக்குள் பத்தும் பழைய இரும்பாகிவிட்டன என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். உலகமே அறிந்த முகத்துக்கு உடம்பு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

தமிழர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 2016-இல் வந்த தாமஸ் படத்தில் அஷிமா என்றொரு எஞ்சின் வருகிறாள். இளஞ்சிவப்பு உடம்பு, அதில் பூவேலை. அவளுடைய அசல், ஊட்டி மலை ரயிலின் எக்ஸ் ரக எஞ்சின். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்து எஸ்.எல்.எம். தொழிற்சாலை செய்த எஞ்சின்கள் அவை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை பெட்டிகளுக்குப் பின்னால் நின்று மேலே தள்ளிக்கொண்டு போகும். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை தொடங்கும். அதில் எஞ்சினின் பற்சக்கரம் கடித்துக்கொள்ளும். அதுவரை இரண்டு சிலிண்டர்களில் ஓடிய எஞ்சின், அங்கே வேலை முடிந்த நீராவியை வீணாக்காமல் மேலே இருக்கும் இன்னும் இரண்டு சிலிண்டர்களுக்கு அனுப்பிப் பற்சக்கரத்தைச் சுழற்றும். சரிவு 12.28 அடிக்கு ஓர் அடி. அந்தப் பகுதியில் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் கிடையாது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்காரர் நிற்பார்.

இப்படிப்பட்டவளை அந்தப் படத்தில் எஞ்சின்களின் பந்தயத்துக்குக் கூப்பிட்டால் ரசிகர்கள் விடுவார்களா? ஊட்டிப் பாதை மீட்டர் கேஜ், தாமஸ் கதைகள் நடக்கும் தீவில் இருப்பதோ ஏறக்குறைய நாலே முக்காலடி அகலப் பாதை. அங்கே இவள் சக்கரம் எப்படி உட்காரும்? கேட்பது நியாயம்தான். கேஜை மட்டும் பார்த்தால் அவளை மலாயாவின் மீட்டர் கேஜ் பாதையில் இறக்கியிருக்கலாம், தாப்பா ரோட்டில்கூட நிறுத்தியிருக்கலாம். படம் எடுத்தவர்களுக்கு வண்ணம் போதும். ஆட்ரிக்குப் போதாது. 1964-இலேயே அவர் மலை ரயிலுக்கென்று ஒரு புத்தகம் எழுதினார். அதன் நாயகன் கல்டீக்கு அசல் வேல்ஸின் ஸ்னோடன் மலை எஞ்சின். அதைச் செய்ததும் அதே விண்டர்தூர் தொழிற்சாலை, பல் பட்டையும் ஊட்டியில் இருக்கும் அதே ஆப்ட் முறை. ஆக அஷிமாவும் கல்டீயும் ஒரே தாய் வீட்டுப் பிள்ளைகள். 1896 ஏப்ரல் 6-ஆம் தேதி, திறப்பு நாளன்றே ஸ்னோடனின் முதல் எஞ்சின் லாடாஸ் தடம் விலகி மலைச்சரிவில் உருண்டது. பயந்து குதித்த ஒரு பயணி இறந்தார். அந்த விபத்தையும் ஆட்ரி பிள்ளைகளுக்குச் சொன்னார், காட்ரெட் என்ற எஞ்சின் கவனமில்லாமல் கெட்ட கதையாக. பிள்ளைகள் பயப்படுவார்களே என்று அவர் மூடி மறைக்கவில்லை. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான்.

சரி, நம்ம பக்கம் வருவோம். ஹுத்தான் மெலிந்தாங் வட்டாரத்தில் ஜெண்டராத்தா தோட்டம் இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் 1906-இல் ரப்பருக்காகத் தொடங்கிய தோட்டம் அது. இன்று யுனைடெட் பிளாண்டேஷன்ஸின் செம்பனை. அங்கே குட்டி ரயில் இன்னும் ஓடுகிறது. சின்ன டீசல் எஞ்சின், பின்னால் வரிசையாக இரும்புக் கூண்டு வண்டிகள், அவற்றில் முள்ளும் சிவப்புமாகச் செம்பனைக் குலைகள். இந்தக் கடலோரக் களிமண் மழை பெய்தால் லாரியை விழுங்கிவிடும். தண்டவாளம் பாரத்தைப் பரப்பித் தாங்கிக்கொள்ளும். இன்னொரு லாபமும் உண்டு. குலையை ஏற்றி இறக்கி, கொட்டி வாரினால் பழம் நசுங்கும். நசுங்கிய பழத்தின் எண்ணெயில் அமிலம் ஏறும், விலை இறங்கும். வெட்டிய குலையைக் கூண்டில் போட்டால், அந்தக் கூண்டோடு ஆலையில் நீராவியில் அவிக்கும் கலனுக்குள்ளேயே தள்ளிவிடலாம்.

வேல்ஸில் இப்படி ஒரு பாதை இருந்திருந்தால் ஒவ்வொரு எஞ்சினுக்கும் பேரும் குணமும் வைத்து இதற்குள் பத்துப் புத்தகம் வந்திருக்கும். நம் தோட்டப்புற இலக்கியத்தில் கங்காணி இருக்கிறார், கிராணி இருக்கிறார், பால்மரம் இருக்கிறது. குலை வண்டியைக் குழந்தைகளுக்குக் கதையாக்கியவரைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன். சரக்கு அப்படியே தோட்டத்துக்குள் கிடக்கிறது. அந்த வண்டியை ஓட்டிய தாத்தாக்களும் தண்டவாளம் பதித்த பெரியவர்களும் லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். எந்த எஞ்சின் எந்த வளைவில் அடம் பிடிக்கும், எந்த மழையில் எத்தனை கூண்டு கவிழ்ந்தது என்று அவர்களிடம் கேட்டு எழுதி வரும்படி, அடுத்த பள்ளி விடுமுறைக்கு நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் பிள்ளைகளை அனுப்பலாம்.