தரகர் யார் பக்கம்?

திருப்பூர்ப் பனியன் வியாபாரி நூல் வாங்கும்போது கிலோவுக்கு ஒரு ரூபாய் விஷயத்தில் அரைநாள் வாதாடுவார். அந்த நூலுக்கும் துணிக்கும் தீ விபத்தில் ஈடு தரவேண்டிய இன்ஷூரன்ஸ் பத்திரத்தில் மட்டும், காட்டிய இடத்தில் கையெழுத்திட்டுவிடுகிறார். இது அறியாமையன்று, தமக்காகப் பார்த்துச் சொல்ல ஒரு தரகர் இருக்கிறார் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு அத்தரகர் உரியவர்தானா என்பதே நாம் எழுப்பும் கேள்வி.

ஏஜெண்டு வேறு, புரோக்கர் வேறு. ஏஜெண்டு கம்பெனியின் ஆள். அதை அவர் மறைப்பதுமில்லை. புரோக்கரோ வாடிக்கைக்காரரின் பிரதிநிதி. பல கம்பெனிகளின் ஷரத்துக்களை ஒப்பிட்டு, தக்கதைத் தேர்ந்து, நஷ்டம் நேர்ந்தபின் ஈட்டுத்தொகை பெறவும் துணைநிற்க வேண்டியவர். 1999-ஆம் வருஷத்துச் சட்டத்தால் ஏற்பட்ட இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம், 2002-இல் விதிகள் செய்து இத்தொழிலை நம் நாட்டில் முறைப்படுத்தியது. ஆனால் இதில் ஒரு முடிச்சு உண்டு. புரோக்கர் உழைக்கவேண்டியது வியாபாரிக்காக; கூலி வருவதோ கம்பெனியிடமிருந்து. இந்த நிலையிலேயே நடுநிலை வழுவாதிருப்பது கடினம். ஒரே தொழிற்குடும்பத்தில் ஒரு நிறுவனம் இன்ஷூரன்ஸ் நடத்த, மற்றொன்று தரகு நடத்துமாயின் என்னவாகும்? விதிகள் சில வரம்புகள் கட்டியுள்ளன; உறவை அறவே அறுக்கவில்லை.

திருப்பூரில் இது வெறும் தத்துவ விசாரமன்று. இங்கே ஒரு முதலாளியின் சரக்கு ஒரே கூரையின்கீழ் இருப்பதில்லை. நூல் நிட்டிங் கூடத்துக்குப் போகிறது. துணி சாயப்பட்டறைக்குப் போகிறது. அங்கிருந்து காம்பாக்டிங், பிரிண்டிங், தையல் என்று ஜாப் ஒர்க் செய்வோரின் கூடங்களில் சுற்றித் திரும்புகிறது. சாதாரண தீ பாலிஸியோ, அதில் குறித்த இடத்தில் இருந்த சரக்குக்கே பொறுப்பேற்கும். வெளியே சென்றதில் ஒரு சிறு பங்குக்கு மட்டும் சில பாலிஸிகள் இடந்தரும். பல இடங்களைச் சேர்த்துக் காக்கும் ஃப்ளோட்டர் பாலிஸியே இவ்வூருக்குப் பொருத்தம். அதைச் சொல்லவேண்டியவர் தரகர். தமது குடும்பக் கம்பெனி மலிவாக விற்கும் ஒற்றை இடத்துப் பாலிஸியை அவர் தலையில் கட்டினால், வியாபாரிக்கு உண்மை தெரிவது சாம்பலைப் பார்க்கும் அன்றுதான். 2023 ஜூனில் காதர்பேட்டை பனியன் பஜாரில் கடைகள் எரிந்ததை ஊரார் மறந்திருக்கமாட்டார்கள்.

தொகை விஷயமும் அப்படியே. ஒரு கோடி ரூபாய்ச் சரக்கை 60 லட்சத்துக்கே இன்ஷூர் செய்தவருக்கு 20 லட்சம் நஷ்டமானால், விகித ஷரத்தின்படி கிடைப்பது 12 லட்சம். பிரிமியம் குறைந்ததென்று மகிழ்ந்தவரை முன்கூட்டியே எச்சரிப்பது யார்? எரிந்த மறுநாள் கம்பெனியோடு வழக்காடத் துணிவது யார்? தம் வீட்டுப் பணத்தைக் குறைக்கத் தாமே வாதாடும் வக்கீலை நாம் கண்டதில்லை.

இத்தத்துவம் புதிதன்று. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 215, 216-ஆம் பிரிவுகள், பிறர் காரியத்தை ஏற்றவன் எஜமானருக்குத் தெரியாமல் தன் சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்தால், எஜமானர் அதன் லாபத்தைக் கோரலாம், தக்க காரணமிருந்தால் பேரத்தையே தள்ளிவிடலாம் என்கின்றன. மானேஜிங் ஏஜென்சி முறையில், மில்லை நிர்வகித்த கையே அதன் இன்ஷூரன்ஸ் கமிஷனையும் பெற்ற காலம் ஒன்றிருந்தது. அம்முறை 1970-இல் ஒழிந்தது. நியூயார்க்கிலோ, மார்ஷ் என்ற பெருந்தரகுக் கம்பெனிமீது 2004 அக்டோபரில் அம்மாகாண அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்ஸர் வழக்குத் தொடுத்தார். தனிக் கமிஷன் தந்த கம்பெனிகளின் பக்கம் வாடிக்கைக்காரரைத் திருப்பியதும், போலி விலைப்புள்ளிகள் வாங்கிக் காட்டியதுமே குற்றச்சாட்டு. 2005 ஜனவரியில் 85 கோடி டாலர் தர இசைந்து அக்கம்பெனி சமாதானம் செய்துகொண்டது. கமிஷன் ஆசை ஒன்றே இவ்வளவு செய்யுமானால், உடைமை உறவும் சேர்ந்தால் கேட்கவேண்டுமா?

ஒரே கூரையின்கீழ் எல்லாம் கிடைப்பது சௌகரியந்தானே என்பர் சிலர். சௌகரியம் மெய்யே, யாருக்கு என்பதே வினா. பாங்கிகளைப் பாருங்கள். அவை 2022 முதல் ஒவ்வொரு வகையிலும் ஒன்பது கம்பெனிகள்வரை ஏஜென்சி வைத்துக்கொள்ளலாம். ஆயினும் பாக்கிங் கிரெடிட் வேண்டி மேஜைமுன் நிற்பவர், மானேஜர் நீட்டும் பாலிஸியைத் தள்ளிவிட்டு வேறு கம்பெனி பெயர் சொல்வாரா? இந்தப் பழக்கம் தரகுக்கும் தொற்றினால் வியாபாரிக்குப் போக்கிடமில்லை.

இன்ஷூரன்ஸ் கம்பெனியையோ ஏஜென்சியையோ உடைய குடும்பத்தாருக்குப் புரோக்கர் லைசென்ஸ் கூடாதென்பதே நமது கட்சி. ஆணையம் அவ்வளவு தூரம் செல்லத் தயங்குமாயின், உடனே செய்யத்தக்கது ஒன்றுண்டு. தம் உடைமையாளர் யார், எக்கம்பெனியோடு என்ன உறவு, இந்தப் பாலிஸியில் தமக்கு வரும் கமிஷன் எவ்வளவு, வேறெந்தக் கம்பெனிகளிடம் விலை கேட்டார் என்பவற்றைக் கையெழுத்துக்கு முன்பே புரோக்கர் தமிழில் எழுதித் தரவேண்டும். திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் இதை ஆணையத்திடம் வற்புறுத்தலாம். பிரிமியத்தில் பங்கு திருப்பித் தருவதாகச் சொல்லும் தரகரிடம் மயங்கும் நம் வியாபாரிகளும், 1938-ஆம் வருஷத்து இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 41-ஆம் பிரிவு அதைக் கொடுப்பவருக்கு மட்டுமல்ல, வாங்குபவருக்கும் விலக்கியிருக்கிறது என்பதை அறிந்துகொள்வது நலம்.