லென்ஸில் ஃபில்டர் சிக்கிக்கிச்சா? பலம் வேண்டாம்... ரப்பர் பேண்ட் போதும்!

காலையில் கடற்கரையில் கல்யாண ஜோடிக்கு அவுட்டோர் ஷூட். வெயில் கொளுத்துது என்று வீடியோவுக்காக லென்ஸில் வேரியபிள் என்.டி. ஃபில்டரை மாட்டியாச்சு. சாயங்காலம் மண்டபத்தில் ரிசப்ஷன். பொண்ணும் மாப்பிள்ளையும் மேடை ஏறியாச்சு. ஃபில்டர் மட்டும் கழல மாட்டேங்குது. கேமராமேன் திருகுகிறார், அசிஸ்டென்ட் திருகுகிறார். "இங்க குடுங்க தம்பி, நான் பாக்குறேன்" என்று பொண்ணோட தாய்மாமாவும் வந்து திருகுகிறார். ம்ஹூம்!

கேட்க சிரிப்பாக இருந்தாலும் கேமராமேனுக்கு இது வயிற்றைக் கலக்கும் விஷயம். என்.டி. ஃபில்டர் என்பது லென்ஸுக்குப் போடும் கூலிங் கிளாஸ். வேரியபிள் வகையை எவ்வளவு குறைத்து வைத்தாலும் பொதுவாக 1 முதல் 2 ஸ்டாப் வெளிச்சத்தை விழுங்கிவிடும். 2 ஸ்டாப் என்றால் உள்ளே போவது கால்வாசி வெளிச்சம்தான். ஐ.எஸ்.ஓ. 1600-ல் எடுக்க வேண்டிய படத்தை 6400-ல் எடுக்கணும். பொண்ணு முகத்தில் மேக்கப்போடு சேர்த்து புள்ளிகளும் விழும்.

ஏன் சிக்குது?

ஃபில்டரின் மரை ரொம்ப நுணுக்கமானது. பெரும்பாலான ஃபில்டர்களில் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடையே வெறும் 0.75 மில்லிமீட்டர். அதில் கடற்கரை மணல் ஒரு துகள் புகுந்தால் போதும். கோணலாக மாட்டினாலும் இதே கதிதான்.

ஆனால் பெரிய வில்லன் நம்ம விரல்கள்தான். பிளாஸ்டிக் வளையலை ரெண்டு பக்கமும் அழுத்திப் பாருங்க, முட்டை வடிவத்துக்கு வந்துடும். மெல்லிய அலுமினிய ஃபில்டர் வளையமும் அப்படித்தான், கண்ணுக்குத் தெரியாத அளவில் நசுங்கும். நசுங்கின இடத்தில் மரை இறுகும். கழலவில்லையே என்று இன்னும் அழுத்துவோம், அது இன்னும் இறுகும். ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறந்த வீரமெல்லாம் இங்கே எடுபடாது.

சரி, எப்படிக் கழற்றுவது?

முதலில் எந்த வளையத்தைப் பிடிக்கிறோம் என்று பாருங்க. வேரியபிள் என்.டி., சி.பி.எல். இரண்டிலும் முன் வளையம் தானாகச் சுழலும்படிதான் செய்திருப்பார்கள். அதை விடிய விடியத் திருகினாலும் கழலாது. தாய்மாமா அவ்வளவு நேரம் திருகியது அந்த வளையத்தைத்தான்! லென்ஸை ஒட்டியிருக்கும் மெல்லிய பின் வளையம்தான் நமக்கு வேண்டியது.

அந்தப் பின் வளையத்தின் மேல் அகலமான ரப்பர் பேண்ட் ஒன்றைச் சுற்றுங்க. ஐந்து விரலையும் பரப்பி, அழுத்தாமல், லென்ஸை முன்பக்கமிருந்து பார்த்தபடி கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்புங்க. இன்னொரு கை கேமராவைப் பிடிக்கக் கூடாது. ஃபில்டருக்குப் பக்கத்திலேயே, லென்ஸின் முன்பகுதியைப் பிடிக்கணும். இல்லையென்றால் திருகும் வேகம் லென்ஸின் உள்ளே இருக்கும் பாகங்கள் மேல் இறங்கலாம். ஃபில்டரைக் காப்பாற்றப் போய் லென்ஸைக் காவு கொடுத்த கதையாகிடும்.

சாதாரண யூ.வி. ஃபில்டர் என்றால் இன்னொரு வழியும் உண்டு. கழுவித் துடைத்த ரப்பர் செருப்பு! லட்ச ரூபாய் லென்ஸுக்குச் செருப்பா என்று கேட்கலாம். சமமான ரப்பர் பரப்பில் லென்ஸைக் கவிழ்த்து, லேசாக அழுத்தி, லென்ஸை அதே எதிர்த்திசையில் திருப்பினால் வளையம் முழுவதும் ஒரே சீராகப் பிடி கிடைக்கும். நசுங்க வாய்ப்பே இல்லை. கண்ணாடி வளையத்துக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் மட்டும் இதைச் செய்யாதீங்க. செருப்பு கௌரவக் குறைச்சல் என்றால் மவுஸ் பேட் இருக்கு.

இதற்கென்றே ஃபில்டர் ரெஞ்ச் என்று பிளாஸ்டிக் ஜோடி கடையில் கிடைக்கிறது. வாங்கும்போது லென்ஸில் 67, 77 என்று வட்டக்குறியோடு போட்டிருக்கும் அளவைப் பார்த்து வாங்கணும்.

தேங்காய் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எதுவும் வேண்டாம். மரை வழியாக உள்ளே இறங்கினால் கண்ணாடியில் படலம் போட்டுவிடும். ஃப்ரிட்ஜில் வைக்கும் யோசனையும் வேண்டாம். வெளியே எடுத்ததும் லென்ஸ் வியர்க்கும், அந்த ஈரம் பூஞ்சைக்கு விருந்து. கட்டிங் பிளேயரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கீழே விழுந்து வளையம் நெளிந்திருந்தால் நேராக சர்வீஸ் கடைக்குப் போயிடுங்க.

மேடையில் ஆள் காத்திருக்கும்போது இதையெல்லாம் பொறுமையாகச் செய்ய முடியாதுதான். அப்போதைக்கு வேரியபிளைக் குறைந்த அளவில் வைத்து, ஐ.எஸ்.ஓ.வை ஏற்றிச் சமாளிக்கலாம். வேறு லென்ஸ் இருந்தால் மாற்றிவிடலாம்.

அடுத்த முறை மாட்டும்போது முதலில் எதிர்த்திசையில் மெதுவாகத் திருப்புங்க. 'டிக்' என்று மரை உட்காருவது விரலுக்கே தெரியும். பிறகு வலப்பக்கம் திருப்பி, நின்ற இடத்தில் விட்டுடுங்க. மரையில் பென்சிலால் லேசாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு மாட்டினால் வழுக்கிக்கொண்டு கழலும். அந்தப் பென்சிலோடு ரெண்டு ரப்பர் பேண்டையும் கேமரா பையில் போட்டு வைங்க.